கிராம சபையில் அணுகுண்டு: வாசகர் கேள்வி – பதில்

ஆகஸ்டு 6 ஹிரோஷிமா நாள். 9 நாகசாகி நாள். அதையொட்டித் தங்கள் ஊரில் ஏதாவது செய்ய நினைக்கும் வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் நடைமுறைக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். 'அணு ஆயுதம் நாட்டுக்குத் தேவையா, இல்லையா' என்ற பட்டிமன்றத்துக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

எங்கள் ஊராட்சியில் மூவாயிரம் பேர்கூட இல்லை. நாங்கள் தீர்மானம் போட்டு எந்த நாட்டுக்காரன் குண்டை இறக்கி வைக்கப் போகிறான்?
– வாசகர், மன்னார்குடி

என்ன தீர்மானம் போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. 'உலகில் அணு ஆயுதங்கள் ஒழிய வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதிவேட்டில் தூங்கும். தீர்மானம் போடும் அமைப்புக்கு என்ன அதிகாரம் உண்டோ அதைப் பிடித்துக் கேட்க வேண்டும்.

ஜப்பானின் கோபே நகரத்தைப் பாருங்கள். அங்கே துறைமுக நிர்வாகம் நகராட்சியின் கையில். 1975 மார்ச் 18 அன்று, அணு ஆயுதம் ஏற்றிய கப்பல் எதுவும் துறைமுகத்துக்குள் வரக் கூடாது என்று நகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அதோடு விடவில்லை. உள்ளே வர விரும்பும் வெளிநாட்டுப் போர்க்கப்பல், தன்னிடம் அணு ஆயுதம் இல்லை என்று முதலில் சான்றிதழ் தர வேண்டும் என நடைமுறையும் வகுத்தார்கள். உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் கொள்கை. சான்றிதழ் கேட்ட இடத்துக்கு அந்தக் கப்பல்கள் ஐம்பது ஆண்டு வரவே இல்லை. நகராட்சியிடம் படையா இருந்தது? ஒரு படிவம் இருந்தது.

அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கோபேயில் இருப்பது மன்றத் தீர்மானம்தான், சட்ட விதி அல்ல. ஜப்பானிலேயே கோச்சி மாகாணம் (கேரளக் கொச்சி அல்ல) 1999இல் இதே ஏற்பாட்டை விதியாக்கப் பார்த்தது. வெளியுறவு தேசிய அரசின் வேலை என்று தோக்கியோ எதிர்த்தது, முயற்சி நின்றுபோனது. கோபேயிலும் ஐம்பது ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், அமெரிக்கக் கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்று சான்றிதழ் இல்லாமல் உள்ளே வந்துவிட்டது.

அதிகாரமே இல்லாத ஊர்களுக்கு வேறு வழி உண்டு: எண்ணிக்கை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1982 மார்ச் ஊர்க்கூட்டங்களில் 161 ஊர்கள் ஒரே கோரிக்கையை நிறைவேற்றின: அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதச் சோதனை, உற்பத்தி, நிறுவுதல் மூன்றையும் அப்படியே நிறுத்த வேண்டும். ஊருக்கு ஊர் வாசகத்தை மாற்றியிருந்தால் அந்த 161 ஒன்றாகச் சேர்ந்திருக்காது. உங்கள் ஊராட்சி தனியாகப் போடுவதைவிட, ஒன்றியத்தில் பத்து ஊராட்சிகள் ஒரே வாசகத்தைப் போடுவது மேல்.

'தேசத்துக்கு எதிரானது' என்று யாராவது கிளப்பினால்?
– வாசகி, சிவகங்கை

கிளப்புவார்கள். பதிலை மேடையில் சொல்லக் காத்திருக்காதீர்கள், தீர்மானத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்த ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை நிறுத்தி வைக்குமாறு நாடாளுமன்றத்தில் கேட்டவர் நேரு. 1988 ஜூன் 9 அன்று ஐ.நா. பொதுச் சபையில் ராஜீவ் காந்தி படிப்படியான அணு ஆயுத ஒழிப்புத் திட்டத்தை வைத்தார். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற கொள்கையை வாஜ்பாய் அரசு 2003 ஜனவரியில் அதிகாரபூர்வமாக அறிவித்தது. அணு ஆயுதப் பயன்பாட்டைத் தடைசெய்யும் உடன்பாடு வேண்டும் என்று ஐ.நா.வில் 1982 முதல் தீர்மானம் கொண்டுவருவதும் இந்தியாதான். இந்த நான்கையும் தேதியோடு எழுதினால், நீங்கள் கேட்பது நாடு சொன்ன சொல்லை நிறைவேற்றச் சொல்லித்தான் என்பது தெரிந்துவிடும். காங்கிரசுக்காரருக்கும் பா.ஜ.க.காரருக்கும் அதில் ஒவ்வொரு வரி இருக்கிறது என்பது கூடுதல் வசதி.

கிராம சபையில் இதை எப்படிக் கொண்டுவருவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– மூன்று ஊர்களிலிருந்து மூன்று கடிதங்கள்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஹிரோஷிமா நாளுக்கு ஒன்பது நாள் கழித்து வரும் ஆகஸ்டு 15 இதற்குப் பொருத்தமான நாள்.

கூட்ட அறிவிப்பு ஏழு நாளுக்கு முன் வர வேண்டும். அதற்கும் முன்னதாக, ஜூலை இறுதிக்குள், தீர்மான வரைவை ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆளாகப் போகாமல் இருபது முப்பது வாக்காளர்களின் கையெழுத்தோடு போவது நல்லது.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, கவனம். 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் கூட்டமே செல்லாது. உங்கள் பொருள் கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். தலைவரிடம் முன்பே பேசி, குடிநீர், சாலைப் பொருள்களுக்கு நடுவில் செருகச் சொல்லுங்கள்.

வரைவு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மேலே சொன்ன நான்கு தேதிகள் முதல் பத்தி. அடுத்து மூன்றே கோரிக்கைகள். ஒன்று, முதலில் பயன்படுத்துவதில்லை என்ற கொள்கையை ஒன்றிய அரசு தளர்த்தக் கூடாது. இரண்டு, ஐ.நா.வின் அணு ஆயுதத் தடை ஒப்பந்தக் கூட்டங்களுக்கு இந்தியா பார்வையாளராகவாவது போக வேண்டும். ஒப்பந்தத்தில் சேராத நாடுகளையும் பார்வையாளராக அழைக்க அதில் இடமுண்டு. மூன்றாவது உங்கள் ஊராட்சியே செய்யக்கூடியதாக இருக்கட்டும்: ஆண்டுதோறும் ஆகஸ்டு 6 அன்று ஊராட்சி நூலகத்திலோ பள்ளியிலோ கண்காட்சி. முதல் இரண்டுக்கும் பதில் வராமல் போகலாம். மூன்றாவது நடந்ததா இல்லையா என்று அடுத்த ஆண்டு தலைவரைக் கேட்கலாம்.

வழக்கமாக எங்கே கோட்டை விடுகிறார்கள் தெரியுமா? கைதட்டி நிறைவேற்றியபின் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. 'உலக அமைதி குறித்து விவாதிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். முழு வாசகமும் தீர்மான எண்ணோடு ஏறியதா என்று அங்கேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். கிடைத்த நகலைத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, வெளியுறவு அமைச்சகத்திடம் கேள்வி எழுப்பக் கோருங்கள்.

'இது கிராம சபையின் வரம்பில் வராது' என்று அதிகாரி சொன்னால் வாதாட வேண்டாம். மூன்றாவது கோரிக்கையை முதலில் நிறைவேற்றிவிட்டு, மற்ற இரண்டையும் கிராம சபையின் வேண்டுகோளாகப் பதியச் சொல்லுங்கள்.

நாங்கள் மாநகராட்சி. எங்களுக்கு?
– வாசகர், கும்பகோணம்

'அமைதிக்கான மேயர்கள்' என்ற அமைப்பில் சேரலாம். 1982இல் ஹிரோஷிமா மேயர் தொடங்கியது. 160க்கு மேற்பட்ட நாடுகளில் 8,000க்கும் அதிகமான நகரங்கள் உறுப்பினர். மேயரோ தலைவரோ ஒப்பமிட்ட படிவம் போதும். ஆண்டுக் கட்டணம் ஊருக்கு 2,000 யென். ஆனால் மன்றத் தீர்மானம் இல்லாமல் தலைவர் மட்டும் ஒப்பமிட்டால், அடுத்து வருபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகும். இரண்டையும் செய்யுங்கள்.

கையெழுத்து இயக்கம் நடத்தினோம். 4,000 கையெழுத்து வந்தது. பாதி செல்லாது என்றார்கள். ஏன்?
– வாசகர் வட்டம், தூத்துக்குடி

தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் காரணம் இதுதான்: கோரிக்கை முதல் தாளில் மட்டும், மற்றவை வெறும் கோடு போட்ட தாள். எதற்குப் போட்ட கையெழுத்து என்று தெரியாத தாளை யாரும் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் முழு வாசகமும் அச்சாகியிருக்க வேண்டும். ஏ4 தாளுக்கு 15 வரி போதும். 25 வரி போட்டால் முகவரி எழுத இடம் இருக்காது. பெயர், ஊரும் வார்டும், கையெழுத்து, தேதி என நான்கு கட்டம். தொலைபேசி எண் கேட்காதீர்கள். அந்தக் கட்டத்தைப் பார்த்தே பலர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்காரர் ஒருவரே குடும்பம் முழுவதற்கும் போடுவது அடுத்த நோய். தாளுக்கு வரிசை எண்ணும், வாங்கியவரின் சுருக்கொப்பமும் இருந்தால் தவறை அந்தத் தாளோடு நிறுத்தலாம்.

இந்த வேலையில் எல்லோருக்கும் முன்னோடி தோக்கியோவின் சுகினாமி வட்டாரப் பெண்கள். 1954 மார்ச் 1 பிகினிச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் ஒரு சூரை மீன் படகில் இருந்த 23 பேர் மீதும் விழுந்தது. ஜப்பானில் மீன் விற்பனை படுத்துவிட்டது. மீன் வியாபாரிகளும், வட்டாரப் பொது மன்றத்தில் கூடிப் படித்துவந்த இல்லத்தரசிகளும் அந்த மே மாதம் கையெழுத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 3,90,000 பேர் இருந்த வட்டாரத்தில் சுமார் 2,70,000 பேர் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் நாடு முழுக்க 3 கோடியைத் தாண்டியது. எந்தக் கட்சியின் பெயரும் தாளில் இல்லை. எந்த ஒரு நாட்டையும் திட்டவில்லை, எல்லா அரசுகளையும் மக்களையும் நோக்கிய வேண்டுகோள். நமக்கு இதில் கடினமானது கட்சிப் பெயரை எடுப்பதுதான்.

கண்காட்சிக்குப் புகைப்படங்கள் வேண்டாம், குழந்தைகள் பயப்படுவார்கள் என்கிறார் தலைமை ஆசிரியர்.
– ஆசிரியை, காரைக்குடி

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரைபடம் போதும். ஹிரோஷிமா குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது, 2 கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் ஏறக்குறைய முழுவதும் இடிந்து எரிந்தன, 1.2 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களில் பாதிப் பேர் அன்றே இறந்தார்கள். உங்கள் ஊரின் 1:25,000 வரைபடத்தில் பேருந்து நிலையத்தில் காம்பஸ் முனையை ஊன்றி 4.8 செ.மீ., 8 செ.மீ. ஆரத்தில் இரண்டு வட்டம் போடச் சொல்லுங்கள். 1:50,000 என்றால் 2.4, 4 செ.மீ. உள்ளே எந்தப் பள்ளி, எந்த ஆஸ்பத்திரி என்று பிள்ளைகளே பட்டியல் எடுப்பார்கள். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலை மையமாக வைத்தால் ரயில் நிலையமும் வைகைக் கரையும் உள்ளே வந்துவிடும். ஆஸ்பத்திரிகள் வட்டத்துக்குள் விழுவதைக் கட்டாயம் காட்டுங்கள். காயம்பட்டவருக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் போவது அப்படித்தான்.

அமைதியின் அடையாளமாக ஆயிரம் காகிதக் கொக்கு மடிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏ4 தாளை 7 செ.மீ. சதுரமாக வெட்டினால் தாளுக்கு 12 கிடைக்கும். ஆயிரம் கொக்குக்கு 84 தாள், கிழிசலுக்குச் சேர்த்து 90 வாங்குங்கள். 80 ஜி.எஸ்.எம். நகல் தாள் இந்த அளவில் மடிக்கக் கனம். மெல்லிய வண்ணத் தாள் நல்லது. ஊசியை வயிற்றுத் துளையில் விட்டு முதுகில் எடுத்து, நூலுக்கு 40 வீதம் 25 சரம். அடியில் ஒரு பொத்தானைக் கட்டாவிட்டால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். ஹிரோஷிமா நகரமே தபாலில் வாங்கி, அமைதிப் பூங்காவில் உள்ள குழந்தைகள் நினைவுச் சின்னத்தில் வைக்கிறது. நகராட்சி இணையதளத்தில் உள்ள படிவத்தை நிரப்பிக் கூடவே வையுங்கள்.

கூடங்குளம் எதிர்ப்பையும் இதில் சேர்க்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ஒரே தீர்மானத்தில் சேர்க்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருப்பவை, அதாவது குண்டுக்குப் பயன்படாதபடி பார்க்கப்படுபவை. மின்சாரம் வேண்டும், குண்டு வேண்டாம் என்று நினைப்பவர் நிறைய. இரண்டையும் முடிச்சுப் போட்டால் அவர்களை இழப்பீர்கள். உண்மையிலேயே தொடர்பு உள்ள இடத்தைப் பேசுங்கள். இந்தியாவின் ஆயுதப் புளுட்டோனியம் டிராம்பேயின் சைரஸ், துருவா ஆராய்ச்சி உலைகளிலிருந்து வந்தது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை), ராணுவ உலைகளையும் சிவில் உலைகளையும் பிரித்த 2006 திட்டத்தில் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டது. 'அதையும் கண்காணிப்பில் கொண்டுவா' என்பது தெளிவான ஆயுதக் குறைப்புக் கோரிக்கை.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் என்ன கேட்பது?
– வாசகர், கிள்ளான்

மலேசியா 2020இல் தடை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டது. இலங்கை 2023இல் சேர்ந்தது. ஆகவே 'கையெழுத்துப் போடு' என்று கேட்பதில் பொருளில்லை. ஒப்பந்தத்துக்கு ஏற்ற உள்நாட்டுச் சட்டம் என்ன ஆயிற்று என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தை ஏற்பதற்கான 2017 ஐ.நா. வாக்கெடுப்பில் சிங்கப்பூர் நடுநிலை வகித்தது. அங்கே இன்னும் முதல் படி.

போலீஸ் அனுமதி?
– வாசகர், சென்னை

மண்டபத்துக்குள் நடத்தும் கூட்டத்துக்குத் தேவையில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெருவில் ஊர்வலம், மெழுகுவத்தி என்றால் சென்னையில் ஐந்து நாளுக்கு முன் மனு. பாதை, நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் பெயர் ஆகியவற்றை எழுதி ஒப்புகை வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கும் அனுமதி கேட்டு, இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.