மாடித் தளத்தில் ஓடிய நிரல் குவாண்டத்தில் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து காட்பாடிக்குத் தினமும் போய்வந்து பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கத்திரி வெயில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தளத்தில் எப்படி இறங்குகிறது என்று பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன், ஒழுங்காக ஓடியது. அதே நிரலில் கற்பனை எண்ணைச் சேர்த்து ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை (குவாண்டத் துகள் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்வது) போட்டால், மொத்த நிகழ்தகவு 1-இல் தொடங்கிக் கோடிக்கணக்கில் ஏறுகிறது. நேரப் படியைக் குறைத்தும் அடங்கவில்லை. மாமா கேட்டதால் நிஃப்டி ஆப்ஷன் (பங்குக் குறியீட்டை முன்பே பேசிய விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலைக்கும் மாற்றிப் பார்த்தேன். அதில் கிராங்க்-நிக்கல்சன் முறை போட்டேன். விலை பரவாயில்லை, காமா (ஆப்ஷன் விலையை இரண்டு முறை வகையிட்டால் வருவது) மட்டும் ரம்பப் பல் மாதிரி வருகிறது. மூன்றும் ஒரே சமன்பாடு என்றுதானே படித்தோம்?

பதில்: பாதி சரி. மூன்றிலும் இடம் சார்ந்த பகுதியின் மையம் ஒன்றேதான். ஒரு புள்ளியின் மதிப்பை அதன் இடது, வலது அண்டை மதிப்புகளோடு ஒப்பிடும் '1, மைனஸ் 2, 1' என்ற மும்மூலைவிட்ட அணி அது. வேறுபடுவது நேரம் நகரும் விதம். வெப்பத்தில் ஏற்ற இறக்கம் தேய்ந்துகொண்டே போகும். குவாண்டத்தில் எதுவும் தேயாது, சுழலும். ஆப்ஷனில் முடிவு நாளின் மதிப்பு கையில் இருக்கிறது. அங்கிருந்து இன்றைக்குப் பின்னோக்கி வருகிறோம், வரும் வழியில் அது வெப்பம் போலவே தேய்கிறது. அணியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நேரத்தை நகர்த்தும் நான்கு வரிகளைத்தான் ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டும்.

ஓடியது என்கிற மாடிக் கணக்கையே முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கலாம். தளம் 15 செ.மீ., புள்ளி இடைவெளி 1 செ.மீ., கான்கிரீட்டின் வெப்பப் பரவல் எண் வினாடிக்கு 0.0000006 சதுர மீட்டர் என்று வையுங்கள். பரவல் எண்ணை நேரப் படியால் பெருக்கி இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதைப் படி விகிதம் என்போம். நேரடி முறையில் (பழைய நேரத்தின் மதிப்புகளை மட்டும் வைத்துப் புதியதைக் கணக்கிடுவது) இது 0.5-ஐத் தாண்டக் கூடாது. இங்கே அதற்கு உச்சவரம்பு 83 வினாடி. இடைவெளியை அரை செ.மீ. ஆக்கினால் 21 வினாடிக்கும் கீழே இறங்க வேண்டும். இடைவெளி பாதியானால் நேரப் படி கால்வாசி ஆகிறது. பலர் சறுக்குவது இங்கேதான்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். ஒரு புள்ளியில் 1, மற்ற எல்லாவற்றிலும் 0. படி விகிதம் 0.4 என்றால் அடுத்த படியில் நடுவில் 0.2, இருபுறமும் 0.4. நியாயமாக இருக்கிறது. விகிதம் 0.6 என்றால் நடுவில் மைனஸ் 0.2, இருபுறமும் 0.6. சூடாக இருந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்துவிட்டது! அடுத்த படியில் நடுவில் 0.76, பக்கத்தில் மைனஸ் 0.24, அதற்கடுத்து 0.36. இந்த ஏற்ற இறக்க வடிவம் படிக்கு 1.4 மடங்கு வரை பெருகும். 50 படியில் சுமார் 2 கோடி மடங்கு.

மேற்பரப்பில் காற்று படும் புள்ளிக்கு இன்னும் கொஞ்சம் கெடுபிடி உண்டு. காற்றின் வெப்ப மாற்றுக் கெழு 20 வாட், கான்கிரீட்டின் வெப்பக் கடத்துதிறன் 1.4 என்றால், 83 வினாடியை 1.14-ஆல் வகுக்க வேண்டும். பாதுகாப்பான எல்லை 72 வினாடி. 80 போட்டால் நிரல் வெடிக்காது. ஆனால் மேல் புள்ளியின் கெழு மைனஸ் ஆகிவிடுவதால் அந்த ஓர் இடத்தில் மட்டும் வெப்பநிலை நடுங்கலாம். வெயில் தரவில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சோதிக்க ஒரு வழி: தளத்தின் தடிமனை நிரலில் மட்டும் 1 மீட்டர் ஆக்கி, மேற்பரப்பு வெப்பநிலையை 24 மணி நேர சைன் அலையாகக் கொடுங்கள். முதல் சில நாட்களை ஓடவிட்டுத் தள்ளுங்கள். 15 செ.மீ. ஆழத்தில் ஏற்ற இறக்கம் மேலே இருப்பதில் 31 சதவீதமாகவும், உச்சம் நாலரை மணி நேரம் பிந்தியும் வர வேண்டும். நிஜத் தளம் மெல்லியது, அடிப்பக்கம் அறை இருக்கிறது, ஆகவே எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் வேலூர்ப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கும் மேல்மாடி அறையில் ஃபேன் ஏன் அனல் காற்றையே இறக்குகிறது என்பதன் காரணம் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

இனி குவாண்டம். நீளம் 1, நிறை 1, சுருக்கிய பிளாங்க் மாறிலி (ħ) 1 என்று அலகுகளை வையுங்கள். மைனஸ் 34 அடுக்குகளை நிரலுக்குள் கொண்டுவரவே கூடாது. 1 நானோமீட்டர் பெட்டிக்குள் ஓர் எலக்ட்ரான் என்றால், நிரலில் வரும் 4.935 என்ற அடிமட்ட ஆற்றல் 0.376 எலக்ட்ரான் வோல்ட், நிரலின் 1 அலகு நேரம் சுமார் 8.6 ஃபெம்டோவினாடி.

நேரடி முறையில் ஒவ்வோர் ஆற்றல் மட்டமும் ஒரு படியில் '1 கழித்தல் கற்பனை எண் பெருக்கல் ஆற்றல் பெருக்கல் நேரப் படி' என்ற கலப்பெண்ணால் பெருக்கப்படுகிறது. அதன் அளவு, ஆற்றலும் நேரப் படியும் சேர்ந்த பெருக்கலின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டி எடுத்த வர்க்கமூலம். 1-க்கு மேல் ஏதோ ஒன்றைக் கூட்டுகிறோம், எனவே எப்போதும் 1-ஐவிடப் பெரிது. வெப்பத்தில் இருந்த 0.5 போன்ற வரம்பு இங்கே கிடையவே கிடையாது. பெட்டியை 10 துண்டாக்கினால் மிக உயர்ந்த மட்டத்தின் ஆற்றல் 195. நேரப் படி 0.001 என்றால் படிக்கு 1.9 சதவீதம் ஏறும். கேட்கச் சின்னதுதான், ஆயிரம் படியில் 13 கோடி மடங்கு. படியைப் பத்தில் ஒன்றாக்கினால் அதே மொத்த நேரத்துக்குச் சுமார் 7 மடங்கோடு நிற்கும், ஆக வெடிப்பு தள்ளிப்போகிறதே தவிர நின்றபாடில்லை. புள்ளிகளை நெருக்கினால் உச்ச ஆற்றல் நான்கு நான்கு மடங்காக ஏறிப் பழையபடி ஆகிவிடும். முழுக்கப் பின்னோக்கு முறையை (அணி முழுவதையும் புதிய நேரத்துக்கே கொடுப்பது) போட்டாலோ நேர் எதிர்: நிகழ்தகவு கசிந்து காணாமல் போகும்.

இங்கே போட வேண்டியது 1947-இல் ஜான் கிராங்கும் ஃபிலிஸ் நிக்கல்சனும் வெப்பக் கணக்குக்காகவே கொடுத்த முறை. அணியில் பாதியைப் பழைய நேரத்துக்கும் பாதியைப் புதிய நேரத்துக்கும் கொடுப்பது. அப்போது பெருக்கும் எண்ணில் மேலே ஒரு கலப்பெண்ணும் கீழே அதன் இணையெண்ணும் வருவதால் அளவு மிகச் சரியாக 1. ஒவ்வொரு படியிலும் ஒரு மும்மூலைவிட்டச் சமன்பாட்டுத் தொகுதியைத் தாமஸ் முறையில் (இத்தகைய அணிக்கான எளிய நீக்கல் முறை) தீர்க்க வேண்டும். ஆயிரம் புள்ளி என்றாலும் கணினிக்கு அது வேலையே இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பைத்தானின் எண் நூலகமான நம்பையில் (NumPy) வெறுமனே பூச்சிய அணிவரிசை உருவாக்கினால் அது மெய்யெண் வகை. கலப்பெண் அணிவரிசையை அதில் போட்டால் கற்பனைப் பகுதி உதிர்ந்துவிடும். ஓர் எச்சரிக்கை வரி மட்டும் வரும், அதையும் யாரும் படிப்பதில்லை. தொடக்கத்திலேயே கலப்பெண் வகை என்று சொல்லிவிடுங்கள்.

நிகழ்தகவு 1-இல் நின்றுவிட்டதால் விடை சரி என்று எண்ண வேண்டாம். 10 துண்டில் முதல் மட்டம் 4.894 (உண்மை 4.935), குறை 0.8 சதவீதம். ஐந்தாவது மட்டம் 100, உண்மை 123.4. ஒன்பதாவது 195, உண்மை 399.7, பாதிகூட இல்லை. கீழ் மட்டங்களை நம்பலாம், மேலே உள்ளவை கட்டத்தின் (நாம் வைத்த புள்ளி வரிசையின்) கற்பனை. முதல் இரண்டு மட்டங்களையும் சம பங்காகக் கலந்து தொடங்கி, துகளின் சராசரி இடம் ஊஞ்சல் போல எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்று அளந்து பாருங்கள். 0.4244 வர வேண்டும். நேரப் படி போதிய அளவு சிறிதாக இருந்தால், 10 துண்டில் 0.442 வரும், 100 துண்டில் பிழை 0.04 சதவீதமாகச் சுருங்கும்.

ஆப்ஷனில் கதை மாறுகிறது. 1973-இன் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் விலையின் மடக்கையை எடுத்தால் அது மாறாக் கெழுக்கள் கொண்ட, வெப்பச் சமன்பாடு போன்ற ஒன்றாகிவிடும்; முதல் வகைக்கெழுவும் வட்டியும் சார்ந்த இரண்டு உறுப்புகள் மட்டும் கூடுதலாக இருக்கும். ஆண்டு ஏற்ற இறக்கம் 20 சதவீதம் என்றால் பரவல் எண் 0.02. குவாண்டத்தில் கிராங்க்-நிக்கல்சனைக் காப்பாற்றிய குணமே இங்கே உபத்திரவம்: மிக வேகமான அலைகளை அது தேய்க்காது, குறி மட்டும் மாற்றி மாற்றிப் பிடித்து வைத்திருக்கும். ஸ்ட்ரைக் விலையில் (ஒப்பந்தத்தில் முன்பே பேசிய விலை) ஆப்ஷன் மதிப்பு மடிந்து நிற்கிறதே, அந்த மடிப்பு முழுக்க வேகமான அலைகள். விலையில் தெரியாது, இரண்டு முறை வகையிட்டுக் காமா எடுக்கும்போது பல்லிளிக்கும். கொதிக்கும் மாடியில் கோடை மழை சட்டென்று விழுவதை இதே முறையில் பெரிய நேரப் படியோடு கணக்கிட்டால் அங்கும் இதே ரம்பம் வரும்.

மருந்து எளிது. முதல் இரண்டு படிகளை மட்டும் நான்கு அரைப் படிகளாக்கி முழுப் பின்னோக்கு முறையில் ஓட்டுங்கள், பிறகு கிராங்க்-நிக்கல்சனுக்கு மாறுங்கள். ஸ்ட்ரைக் சரியாக ஒரு புள்ளியில் உட்காரட்டும். மடக்கை எடுக்காமல் விலையையே கட்டமாக்கியிருந்தால், அந்தப் புள்ளியில் பூச்சியத்துக்குப் பதில் இடைவெளியின் எட்டில் ஒரு பங்கை வையுங்கள். மேல் எல்லை ஸ்ட்ரைக்கைப் போல மூன்று நான்கு மடங்கு போதும்.

சரிபார்க்க: விலை 100, ஸ்ட்ரைக் 100, வட்டி 5 சதவீதம், ஏற்ற இறக்கம் 20 சதவீதம், ஓராண்டு. கால் (call, வாங்கும் உரிமை) ஆப்ஷன் 10.4506, டெல்டா (ஒருமுறை வகையிட்டால் வருவது) 0.6368, காமா 0.01876. நிஃப்டி ஆப்ஷன் ஐரோப்பிய வகை என்பதால் இந்த வாய்பாடு பொருந்தும். மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள்: ஏற்ற இறக்கத்தை 20-இல் இருந்து 21 ஆக்கினால் விலை 0.375 ஏறும், நல்ல கட்டத்தின் பிழையோ 0.01-க்குள் அடங்கிவிடும். அவர் அந்த 20-ஐ எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டுவிட்டு, புள்ளிகளைக் கூட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.