உதைச்சுக் கேளுங்க: ஏழு அடிச்சாலும் மூண்டு புள்ளிதானா?

லீக் மெச் ஒண்டில நம்ம டீம் பெரிசா வெண்டா ஏன் இந்த ஆட்டம் ஆடுறம் எண்டு போன இதழில ஒரு வரி போட்டன், அவ்வளவுதான். கடிதமும் வட்ஸ்அப்பும் எண்டு குவிஞ்சு போச்சு, பாதிக்கு மேல 2023ல இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தில லிவர்பூல் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு அடிச்ச ஏழு கோலப் பத்தித்தான்.

என்ட வீட்டுக்காரர் கரைவலைக்குப் போற ஆள், விடிய நாலு மணிக்கு எழும்பணும். அந்த ஏழு கோல் ராவு பிள்ளை வீரிட்டு அழ அழ இவர் முத்தத்தில நிண்டு கத்தினார். இப்பயும் அந்த மெச்ச போன்ல போட்டுப் போட்டுப் பாக்கிறார். இது ஏதும் வருத்தமா?
- ஒரு வாசகி, கல்லடி

வருத்தம்தான் தங்கச்சி, மருந்தில்லாத வருத்தம். ஆனா அந்த ஒரு ராவ மட்டும் மன்னிச்சு விடுங்க. 2023 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை, நம்ம நேரம் பத்து மணிக்குத் தொடங்கின மெச். அதுக்கு முந்தின ஞாயிறுதான் யுனைட்டட் லீக் கப்பத் தூக்கினவங்க, நல்ல வேகத்தில வந்த டீம். பாதி நேரம் முடியக்குள்ள 1-0, கக்போ அடிச்ச ஒண்டுதான், பெரிசா ஒண்டும் நடக்காது எண்டு நான் தேத்தண்ணி ஊத்தப் போனன். மறுகா வந்து பாத்தா விழுகுது விழுகுது விழுந்துகொண்டே கிடக்கு, கக்போ ரெண்டு, நூன்யஸ் ரெண்டு, சலா ரெண்டு, அந்த சீசனோட போகப்போற பெர்மினோ கடைசியா வந்து ஒண்டு. 45 நிமிசத்தில ஆறு கோல் எண்டா மனிசன் கத்தாம என்ன செய்வான்?

இனி மெச் எண்டா வாடியில போயிருந்து பாக்கச் சொல்லுங்க. ஐரோப்பிய கப் மெச்சுகள் மாரி நாளையில நம்ம நேரம் ராவு ஒண்டரைக்குத்தான் தொடங்கும், அது முடிய நேரா வலைக்கே போகலாம், வீடும் அமைதி.

ஏழு அடிச்சாலும் ஒண்டு அடிச்சாலும் மூண்டு புள்ளிதானே சேர்? பிறகென்னத்துக்கு வெடி கொளுத்திறாங்க?
- ஏ.எல் கணிதப் பிரிவு, ஏறாவூர்

கணிதம் படிக்கிற பிள்ளை, அப்ப கணக்கிலயே சொல்றன், பேப்பர் பேனை எடுங்க.

2011 ஒக்டோபர் 23, மன்செஸ்டர் சிட்டி யுனைட்டட்ட அவங்கட சொந்த கிரவுண்டிலயே வச்சு 6-1 எண்டு அடிச்சாங்க. அண்டைக்கு எல்லாரும் உங்களப் போலத்தான் சொன்னாங்க, மூண்டு புள்ளிதானே எண்டு. சீசன் முடியக்குள்ள ரெண்டு டீமுக்கும் 89 புள்ளி. சிட்டி அடிச்சது 93 வாங்கினது 29, யுனைட்டட் அடிச்சது 89 வாங்கினது 33. புள்ளி சமன் எண்டா கோல் வித்தியாசத்தத்தான் பாப்பாங்க, அது 64க்கு 56, கிண்ணம் சிட்டிக்கு.

இப்ப அந்த 6-1அ அழிச்சுப்போட்டு 1-0 எண்டு எழுதிப் பாருங்க. சிட்டிக்கு அடிச்சதில அஞ்சும் வாங்கினதில ஒண்டும் குறையும், 88க்கு 28. யுனைட்டட்டுக்கு அடிச்சதில ஒண்டும் வாங்கினதில அஞ்சும் குறையும், அதுவும் 88க்கு 28! புள்ளியும் ஒண்டு, அடிச்சதும் ஒண்டு, வாங்கினதும் ஒண்டு, கிண்ணத்துக்கு இன்னொரு மெச் வேற மைதானத்தில வைக்க வேண்டி வந்திருக்கும். நான் இத முதல்தரம் போட்டுப் பாத்த நேரம் பிழையாப் போட்டுட்டன் எண்டு மூண்டுதரம் கூட்டிப் பாத்தன். ஆக அண்டைக்கு கடைசி நிமிசங்களில, இனி என்ன தேவை எண்டு சும்மா நிக்காம அடிச்ச அந்தக் கோலுகளுக்கும் விலை இருந்துது தம்பி. எல்லா ஏழுக்கும் இப்புடி இல்ல, அது அடுத்த கேள்வியில வருது.

நான் யுனைட்டட். வருசக்கணக்காப் போச்சு, இன்னும் பேக்கரிக்குப் போனா "ஏழு மாலுபாண் கட்டவா" எண்டு கேக்கிறானுகள். கையக் காட்டினா ஏழு விரல். இதுக்கு முடிவே இல்லையா காக்கா?
- பேர் வேணாம், மருதமுனை

தம்பி, 7-0 எண்டு நீங்க வாங்கினது புதுசில்ல, 1926, 1930, 1931 எண்டு முந்தியும் வாங்கின ஆக்கள்தான், ஆனா அந்தக் காலத்தில மாலுபாண் கடையும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸும் உங்களுக்குப் பக்கத்தில இல்ல. சரி, பதில் குடுக்க ரெண்டு சாமான் தாறன்.

ஒண்டு, அந்த ஏழு அடிச்ச லிவர்பூல் அடுத்த சனிக்கிழமையே போர்ன்மத்திட்ட 1-0 எண்டு தோத்துது, சலா பெனால்டிய வெளிய அடிச்சார். போர்ன்மத் ஆரு? அதே சீசனில இதே லிவர்பூலிட்ட 9-0 வாங்கின டீம். ரெண்டு, சீசன் முடிய யுனைட்டட் 75 புள்ளியோட மூண்டாம் இடம், ஏழு அடிச்சவங்க 67 புள்ளியோட அஞ்சாம் இடம். இனி விரலக் காட்டினா நீங்க மூண்டும் அஞ்சும் காட்டுங்க.

ஆனா பகிடிய நிப்பாட்டச் சொல்லிக் கேக்காதீங்க, நம்ம ஊரில அது நடக்காது. மட்டக்களப்பு அம்மன் கோயில் ஊருகளில கொம்புமுறி எண்டு ஒண்டு இருந்துது தெரியும்தானே, ஊரே வடசேரி தென்சேரி எண்டு ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு கொம்பக் கொழுவிக் கயித்தக் கட்டி இழுக்கிறது, ஆர்ட கொம்பு முறியுதோ அவங்க தோத்த ஆக்கள். மறுகா வெண்ட பக்கம் தோத்த பக்கத்தப் பாட்டாவே கட்டி நெளிப்பாங்க. ஒரே வீட்டுக்குள்ள புருசன் ஒரு சேரி பொஞ்சாதி ஒரு சேரி எண்டு கூட இருக்கும். அந்த மண்ணில வந்தவனுகளிட்ட மாலுபாணுக்குக் கோவிச்சுப் பிரயோசனம் இல்ல. தாயைத் தகப்பன இழுத்தா மட்டும் விடாதீங்க, அது பகிடி இல்ல.

கனடாவில இருக்கிற மச்சான் அமெரிக்கன் புட்போல் பாத்துட்டு "ரெகுலர் சீசன்ல வெண்டுட்டம்" எண்டு துள்ளுறான். அதென்ன ரெகுலர் சீசன்?
- களுவாஞ்சிகுடி

நம்ம லீக் மாதிரித்தான், ஆனா அதோட முடியாது. 32 டீம், ஆளுக்கு 17 மெச், அதில இருந்து 14 டீம், தோத்தா வெளிய எண்ட நொக்கவுட்டுக்குப் போகும், கிண்ணம் அங்கதான். மச்சான் கனக்கத் துள்ளினா 2007 பேட்ரியட்ஸ் எண்டு ஒரு சொல்லு எழுதி அனுப்புங்க. அதுவும் அங்கத்த ஒரு டீம்தான். அப்ப 16 மெச், பதினாறும் வெண்டாங்க, கடைசி மெச்சில நியூயோர்க் ஜயன்ட்ஸ 38-35 எண்டு அடிச்சாங்க, பிறகு பைனலில அதே ஜயன்ட்ஸிட்ட 17-14 எண்டு தோத்தாங்க.

லிவர்பூல் வெண்டா "நாங்க வெண்டுட்டம்" எண்டு ஏன் சொல்றம்? நாங்க பந்தத் தொட்டமா?
- ஆசிரியை, அக்கரைப்பற்று

டீச்சர், இந்தக் கேள்வி எனக்கும் சுட்டது. கோயில் தேர் இழுத்தா கயித்துக்குக் கிட்டப் போகாதவனும் "நாங்க இழுத்தம்" எண்டுதான் சொல்லுவான், அந்த நாங்க பிழை எண்டு நான் சொல்லமாட்டன். ராவிராவா முழிச்சவனுக்கு அதில ஒரு பங்கு இருக்கு.

எனக்கு நோகிறது வேற. அந்த ஏழு கோலுக்கு நம்ம வீதியில வெடி வெடிச்ச ராவு, இலங்கை உதைபந்தாட்டம் உலக உதைபந்தாட்டச் சங்கமான பீபாவின்ட தடைக்குள்ள கிடந்துது. வெளித்தலையீடு எண்டு 2023 சனவரியில போட்ட தடை, ஆகஸ்டிலதான் எடுத்தாங்க. அந்தக் காலம் முழுக்க நம்ம நாட்டு டீம் ஒரு சர்வதேச மெச் விளையாட ஏலாது. அதுக்கு ஆரு முத்தத்தில நிண்டு கத்தினது? நானும் இல்ல, அத ஒளிக்க வேண்டியதில்ல. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில, அமெரிக்காவில இருந்து வந்து மிக்கேல் கல்லூரிப் பொடியனுகள விளையாட்டில வளத்த வெபர் சுவாமியின்ட பேரில இருக்கிற கிரவுண்ட் அது, அதில ஒருநாள் பின்னேரம் கழக மெச் ஒண்டு பாத்தன். விளையாடினது 22 பேர், பாத்தது அவங்கட தம்பிமாரும் கச்சான் விக்கிற அம்மாவும் நானும். கோல் விழுந்த நேரம் கச்சான் அம்மாதான் முதல் கத்தினா, அவட மகன் அடிச்ச கோல். அந்த "நாங்க"வில ஒரு சந்தேகமும் இல்ல டீச்சர்.

பிரீமியர் லீக்கில ஆகப்பெரிய வெற்றி எது?
- சம்மாந்துறை

9-0, இதுவரைக்கும் நாலுதரம். யுனைட்டட் ரெண்டுதரம் (1995 இப்ஸ்விச், 2021 சவுதம்டன்), லெஸ்டர் 2019ல சவுதம்டனுக்கு, லிவர்பூல் 2022ல போர்ன்மத்துக்கு. லெஸ்டரிட்ட ஒம்பது வாங்கின சவுதம்டன் மூண்டு மாதம் முடிய முதல் லெஸ்டர் ஊருக்கே போய் 2-1 எண்டு வெண்டுட்டு வந்தவங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச மெச்.

எல்லாருக்கும் புத்தி சொல்றீங்க, நீங்க எந்த டீம்?
- பலபேர் கேட்டது

ஆர்சனல். சிரிக்காதீங்க. 2011 ஆகஸ்ட் 28, யுனைட்டட்டிட்ட 8-2. விடிய எழும்பிக் கதவத் திறந்தா வாசலில எட்டுத் தேங்காய் அடுக்கிக் கிடக்கு, பக்கத்து வீட்டு மாமாட வேலை, அவர் யுனைட்டட். எட்டையும் உரிச்சு வீட்டில சம்பல் சம்பலா அரைச்சுத் திண்டம். மறுகா ரெண்டு மாதம் போகல்ல, மேல சொன்ன 6-1 வந்துது. நான் ஆறு தேங்காயப் பையில போட்டுக்கொண்டு அவர்ட வாசலுக்குப் போனன். வெள்ளணவே லைட் ஓஃப், கேற்றுக்குப் பூட்டு, உள்ளுக்க மாமி மட்டும் சிரிக்கிற சத்தம் கேக்குது.