விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஐந்து வருடங்களுக்கு முன்பு வரை வாரத்தில் 4 நாள் ஜிம், 2 நாள் ஓட்டம். அப்போது எடை 72 கிலோ. வேலை மாறியதும் எல்லாம் நின்றுபோய், இப்போது 86 கிலோ. மூன்று வாரத்துக்கு முன் பழைய அட்டவணையையே மறுபடி கையில் எடுத்தேன். இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டேன். முதல் வாரம் இரண்டரை கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு அசையவே இல்லை. முழங்காலும் வலிக்கிறது. எங்கே தவறு?

பதில்: முழங்காலிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் சிக்கலின் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகத் தொடங்கிவிடும். தசை அடுத்து வரும். எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் மூன்றாவது வாரத்தில் மூச்சு தாங்குகிறது, மனமும் 'இன்னும் கொஞ்சம்' என்கிறது, மூட்டு மட்டும் முடியாது என்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதத்தில் இறங்கும் விசை உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு. நீங்கள் கூடுதலாகச் சுமக்கும் 14 கிலோ, அடிக்கு அடி 28 முதல் 42 கிலோவாக இறங்குகிறது. பழைய அட்டவணை 72 கிலோ மனிதருக்குப் போட்டது. அதை மடித்து வைத்துவிடுங்கள்.

ஓட்டத்தை நிறுத்தி, வேகமாக நடங்கள். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். முதல் இரண்டு வாரம் தினமும் 20 நிமிடம். பிறகு வாரம் 5 நிமிடமாகக் கூட்டி 40 வரை போகலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மாதத்தில் அதற்குள் வந்துவிடுவீர்கள்.

எடைப் பயிற்சி வாரத்துக்கு 2 நாள், அடுத்த மாதம் 3. முன்பு தூக்கிய எடையில் பாதிக்கும் கீழே ஆரம்பியுங்கள். உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியை நாற்காலியிலிருந்து தொடங்கச் சொல்வேன். நாற்காலியின் முன் நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல உட்காருங்கள். 'தொப்' என்று விழுந்தால் தொடைக்கு இன்னும் பலம் வரவில்லை; நாற்காலிமேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். எழும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. பத்து முறை செய்தால் ஒரு செட்; இடையில் ஓய்வெடுத்து இரண்டு செட். அதோடு சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலும், டம்பெல்லை இடுப்பு நோக்கி இழுக்கும் பயிற்சியும் போதும். ஒவ்வொரு செட்டையும் 'இன்னும் மூன்று செய்யலாம்' என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். ஒருமுறை நன்றாக வளர்ந்திருந்த தசை, இரண்டாம் முறை முதல் முறையைவிட விரைவில் திரும்பிவிடும். அந்தப் பழைய உழைப்பு வீண் போகவில்லை.

இப்போது அந்த இரண்டரை கிலோ. அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும், எடை சட்டென்று இறங்கும். பிறகு வலிக்க வலிக்கப் பயிற்சி செய்ததில், பழுதுபார்க்கும் வேலைக்காகத் தசைகள் நீரைச் சேர்த்துக்கொள்ளும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் எடை அப்படியே நிற்கும். தினமும் ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் நோகாதீர்கள். காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். கூடவே தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்துவையுங்கள். எனக்கு அந்த டேப்பின்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ குறையவேண்டுமானால் நாளுக்கு 550 கலோரி பற்றாக்குறை வேண்டும். அதை நடந்தே தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. உங்கள் எடைக்கு அதைச் செலவழிக்க 2 கிலோமீட்டர் அளவுக்கு நடக்கவேண்டும். அதே ஒரு கரண்டியைச் சட்டியில் ஊற்றாமலிருக்க ஒரு நொடிதான். கொழுப்பு எவ்வளவு குறையும் என்பதைப் பெரும்பாலும் சாப்பாடு தீர்மானிக்கிறது. குறையும்போது தசையும் சேர்ந்து போகாமல் காப்பது எடைப் பயிற்சியும் புரதமும்.

அதனால்தான் இரவுச் சாப்பாட்டை விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று வேளையில் கிடைக்கவேண்டிய புரதம் இரண்டு வேளையில் சேராது, மறுநாள் பசி வட்டியோடு வந்து நிற்கும். நாளுக்கு 100 முதல் 115 கிராம் புரதம் உங்களுக்குச் சரி. ஒரு முட்டையில் 6 கிராம், தோல் நீக்கிச் சமைத்த 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 30, வெந்த பருப்பு 200 கிராமில் 15க்கு மேல் கிடைக்கும். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி புரதம், மீதிக் கால்வாசியில் சோறோ ரொட்டியோ இருக்கட்டும். சர்க்கரை போட்ட பானங்களையும் மதுவையும் முதலில் குறையுங்கள். அவற்றின் கலோரி கணக்கில் ஏறும், வயிற்றை நிறைக்காது.

தூக்கத்தைப் பலரும் கேட்பதே இல்லை. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைந்த கலோரி உணவு சாப்பிட்டவர்களுக்கு இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் தூக்கத்துக்கு ஒதுக்கினார்கள். எடை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்த நாட்களில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவு. மீதி தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத எடை.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவை மாற்ற நேரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தைக் கூட்டும் முன்பும் அப்படியே. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள். கடுமையான பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்; தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. முழங்கால் வலி, ஓட்டத்தை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் படி இறங்கும்போது இருந்தால், எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டிவிட்டு நாற்காலிப் பயிற்சியைத் தொடருங்கள்.