சிறிய காரில் வள்ளத்தை இழுத்துச் செல்லலாமா?

கேள்வி: என்னிடம் 14 அடி நீளமுள்ள பைபர் வள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் எடை 180 கிலோ என்று கட்டிக் கொடுத்தவர் சொன்னார், 9.9 குதிரைத்திறன் எஞ்சின் தனி. வள்ளத்தைப் பணகுடியில் என் வீட்டில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் உவரிக்குக் கொண்டுபோய்த் தூண்டில் போட ஆசைப்படுகிறேன். என் காரின் வெற்று எடை 880 கிலோ. பின்னால் கொக்கி வைத்து டிரெய்லரும் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். "1,200 சி.சி. எஞ்சின் இதைக்கூட இழுக்காதா?" என்கிறார். தங்கள் ஆலோசனை தேவை ஐயா.
– வாசகர், பணகுடி

பதில்: இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் வரும் பாரத்தையும் சேர்த்து நிறுத்துவதற்கு உங்கள் காரின் பிரேக் போதுமா என்பதையும், வளைவிலும் காற்றிலும் அந்தப் பாரம் காரை ஆட்டிவைக்காமல் இருக்குமா என்பதையும் பட்டறைக்காரர் சொல்லவில்லை. முதலில் காரோடு வந்த கையேட்டை எடுத்து, இழுவை பற்றிய பக்கத்தைப் படியுங்கள். நம் நாட்டில் விற்கும் சிறிய கார்கள் பலவற்றின் கையேட்டில் இழுவைக்கு அனுமதியே இருக்காது. உங்கள் கையேடும் அப்படிச் சொன்னால், இந்த யோசனையை அத்துடன் விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான பதில். அனுமதி இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

180 கிலோ என்பது வெறும் வள்ளத்தின் எடை. எஞ்சினுக்கு ஏறத்தாழ 40 கிலோ, 25 லிட்டர் பெட்ரோலுக்கு 19 கிலோ, நங்கூரம், கயிறு, மிதவை அங்கி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 40 கிலோ, இரும்பில் செய்த டிரெய்லருக்கு 150 கிலோ என்று கூட்டினால் 430 கிலோவை நெருங்கிவிடுகிறது. பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பிரிட்டனில் வகுத்திருக்கும் வரம்பு, 750 கிலோ அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் பாதி, இவற்றில் எது குறைவோ அது. உங்கள் காருக்கு அது 440 கிலோ. அதாவது, ஓர் இரவு பெய்த மழையில் வள்ளத்துக்குள் இரண்டு குடம் தண்ணீர் தேங்கியிருந்தாலே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். புறப்படும் முன் அடைப்பானைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, எல்லாச் சாமான்களோடும் ஒரு முறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. கட்டிக் கொடுத்தவர் வாயால் சொன்ன எடையை நம்பி நெடுஞ்சாலையில் இறங்க வேண்டாம்.

மொத்த எடையைப் போலவே, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். உங்களுக்கு அது 40 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அவ்வளவு பாரத்தை உங்கள் காரின் கொக்கி தாங்குமா என்பதையும் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் முன்முனையைக் கொக்கி இருக்கும் உயரத்தில், மளிகைக் கடைகளில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசின்மேல் முட்டுக் கொடுத்து நிறுத்தினால் அழுத்தம் தெரிந்துவிடும். எஞ்சின் வள்ளத்தின் பின்புறத்தில் தொங்குவதால் பாரம் பின்னுக்குச் சாய்ந்து, கொக்கியின் மேல் அழுத்தம் குறைந்து, வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல வளைந்து ஆடத் தொடங்கும். ஆகவே எஞ்சினைக் கழற்றி, டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் பழைய மெத்தையின் மேல் படுக்க வைத்து இறுகக் கட்டுங்கள். எந்தப் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும் என்பது எஞ்சின் கையேட்டில் இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை மாற்றிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பெட்ரோல் கேனையும் ஐஸ் பெட்டியையும் அணியத்தின் (வள்ளத்தின் முன்முனை) பக்கம் தள்ளி வையுங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு உங்கள் ஊரும் ஒரு காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகள் நிற்கின்றன. வள்ளியூர் நோக்கிப் போகும் நான்குவழிச் சாலையில் அந்தக் காற்று வண்டியின் விலாவில் அடிக்கும். எடை குறைந்த, பக்கம் உயர்ந்த வள்ளம் அதை முழுவதுமாக வாங்கும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்; ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அந்தச் சாலையில் வள்ளத்தை இழுக்காமலே இருப்பது இன்னும் நல்லது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. ஆகவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும், பின்புறத்தில் காரின் எண்ணும் தெரிய வேண்டும். காரின் அமைப்பை மாற்றுவதற்கு 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருப்பதால், கொக்கி வைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உவரியில் எக்காரணத்தைக் கொண்டும் காரை ஈர மணலுக்குள் பின்னோக்கி இறக்காதீர்கள். உங்களுடையது முன்சக்கரத்தால் ஓடும் கார் என்றால், சரிவில் பாரம் முழுவதும் பின்னால் சாய்ந்து, இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் பிடிமானம் இல்லாமல் சுற்றிக் குழி பறிக்கும். டிரெய்லரை மேட்டிலேயே கழற்றி ஆள் வைத்துத் தள்ளுங்கள், அல்லது டிராக்டர் கிடைத்தால் அதைக் கொண்டு இறக்குங்கள்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் கடலுக்குப் போவீர்கள் என்றால், கரையில் உள்ள மீனவர் ஒருவரிடம் பேசி, உரிய தொகை கொடுத்து வள்ளத்தை அங்கேயே வைத்துவிட்டு, எஞ்சினை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவதே உங்கள் காருக்கும் எதிரே வருபவர்களுக்கும் நல்லது என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: எங்களிடம் ஜீப்பில் இழுக்கும் வள்ள டிரெய்லர் உள்ளது. வாங்கிய வேகத்தில் சக்கர பேரிங் போய்விட்டது. என்ன காரணம்?
– வாசகி, திசையன்விளை

பதில்: உப்புநீர்தான் காரணமாக இருக்கும். ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைக் கடல்நீரில் இறக்கினால், உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கரைக்கு வந்ததும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகு இறக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கிரீஸ் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் புதிய கிரீஸை அடைக்காமல், பழையதை முழுவதும் வழித்தெடுத்து, சீலையும் மாற்றி, தண்ணீரைத் தாங்கும் கடல்வகை கிரீஸை நிரப்பச் சொல்லுங்கள்.