பேய்ப்பட டிரெய்லருக்கு டைட்டில் கார்டு: கேள்வி பதில்

பேய்ப்பட டிரெய்லர்களுக்கு டைட்டிலும் பெயர் கார்டுகளும் (காட்சிகளுக்கு நடுவே எழுத்து மட்டும் தோன்றும் துண்டுகள்) செய்வது என் வேலை. எடிட்டிங் பழகுபவர்களும் குறும்படம் எடுப்பவர்களும் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கிக் கொடுத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, பேய்ப்படத்துக்கு எந்த ஃபாண்ட் எடுத்தால் பயமாக இருக்கும்? ரத்தம் சொட்டுகிற மாதிரி, கீறல் விழுந்த மாதிரி நிறைய கிடைக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

தம்பி, முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். ரத்தம் சொட்டும் எழுத்து "இது பேய்ப்படம்" என்று தகவல் சொல்லும். பயத்தைக் கொண்டுவராது. பார்க்கிறவர் அதை நூறு முறை பார்த்திருக்கிறார், அடுத்து என்ன வரும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகு எங்கிருந்து பயம் வரும்?

சாதாரண எழுத்து ஒன்றை எடுங்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கெடுங்கள். 1960இல் வந்த ‘சைக்கோ’ படத்துக்கு சால் பாஸ் செய்த டைட்டிலைப் பாருங்கள். எழுத்து சுத்தமான, தடித்த, அலங்காரமில்லாத எழுத்துதான். அதைக் குறுக்கே வெட்டித் துண்டுகளைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார், அவ்வளவுதான். 1979இன் ‘ஏலியன்’ தொடக்க டைட்டிலில் ரிச்சர்ட் கிரீன்பெர்க் செய்தது இன்னும் துணிச்சலானது. இருட்டான விண்வெளிக்கு மேல் வெறும் கோடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அவை எழுத்துகள் என்றே முதலில் தெரியாது. ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் படத்தின் பெயர் முழுதாகச் சேர்கிறது. ரத்தமும் இல்லை, விரிசலும் இல்லை. மனம் தானாகவே அந்தக் கோடுகளைக் கோத்துப் பார்க்க முயல்கிறது. அந்த முயற்சிதான் படபடப்பு.

ஆகவே கூர்முனை கொண்ட ஒரு மெல்லிய எழுத்தோ, நேரான தடித்த எழுத்தோ எதுவானாலும் சரி. ஓர் எழுத்தின் காலை மட்டும் சற்று நீட்டலாம். ஓர் இடைவெளியை மட்டும் தாராளமாக விடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

கேள்வி: ஒரு கார்டு திரையில் எத்தனை நொடி நிற்க வேண்டும்?

இரண்டு மூன்று சொற்கள் என்றால் 36 முதல் 48 ஃப்ரேம், அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் (தனிப் படம்) ஓடும் வேகத்தில் ஒன்றரை முதல் இரண்டு நொடி. அவசரப்படாமல் வாய்விட்டு ஒரு முறை படித்து, ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தால் போதும். படத்தின் பெயருக்கு மூன்று நான்கு நொடி கொடுங்கள்.

ஆனால் கார்டு நிற்கும் நேரத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள கறுப்புதான் என் கவலை. காட்சி முடிந்த அடுத்த ஃப்ரேமிலேயே எழுத்தைப் போட்டால் அது வெறும் அறிவிப்பு. நடுவில் 8 முதல் 12 ஃப்ரேம் வெறும் கறுப்பு விட்டுப் பாருங்கள். திரை இருட்டாக இருக்கும் அந்த அரை நொடியில் பார்க்கிறவர் எதற்கோ தயாராகிவிடுவார். அப்புறம் எழுத்து மெதுவாக வரட்டும். எழுத்து மறைந்த பிறகும் கறுப்பைக் கொஞ்சம் விட்டு, அடுத்த காட்சியின் சத்தத்தை அந்தக் கறுப்பிலேயே தொடங்குங்கள். கதவு கிறீச்சிடுவது முதலில் கேட்கட்டும், கதவு பிறகு தெரியட்டும்.

நிற்கும் எழுத்தும் அசையாமல் நிற்க வேண்டாம். இரண்டு நொடியில் 100 சதவீதத்திலிருந்து 103 அல்லது 104 சதவீதம் வரை பெரிதாகட்டும். அசைவது கண்ணுக்குத் தெரியக் கூடாது, நெருங்குவது மட்டும் உணரப்பட வேண்டும்.

கேள்வி: கறுப்பில் சிவப்பு எழுத்து போட்டேன். எடிட் டைம்லைனில் அருமையாக இருந்தது. இணையத்தில் ஏற்றியதும் ஓரமெல்லாம் கரைந்துபோய் மங்கலாகிவிட்டது. ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, சிவப்பு இயல்பிலேயே வெளிச்சம் குறைந்த நிறம். எச்டி வீடியோவில் வெளிச்ச அளவைக் கணக்கிடும்போது பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதப் பங்கு, சிவப்புக்கு 21 சதவீதம், நீலத்துக்கு 7 சதவீதம். முழுச் சிவப்பாக இருந்தாலும் வெள்ளையின் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். நீங்கள் போட்டிருப்பது அடர்சிவப்பு, அதில் இன்னும் குறைவு.

இரண்டாவது, இணையத்துக்குப் போகும் வீடியோ பொதுவாக 4:2:0 முறையில் சுருக்கப்படுகிறது. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் பதிவாகும். நிறமோ அகலத்திலும் உயரத்திலும் பாதியளவுதான் பதிவாகும். வெள்ளை எழுத்தின் ஓரத்தை வெளிச்சம் காப்பாற்றிவிடும். சிவப்பு எழுத்தின் ஓரம் பெரும்பாலும் நிறத்தை நம்பியே இருப்பதால் கரைந்துவிடுகிறது.

தீர்வு: சிவப்பை ஆரஞ்சுப் பக்கம் ஒரு துளி தள்ளி வெளிச்சத்தை ஏற்றுங்கள், கோட்டைத் தடிப்பாக்குங்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி. எழுத்தை வெளிறிய சாம்பல் வெள்ளையில் வைத்து, சிவப்பைப் பின்னணியில் ஓரிடத்தில் மட்டும் கசிய விடுவேன். முழு வெள்ளை வேண்டாம், 85 சதவீதம் போதும். இருட்டுத் திரையரங்கில் முழு வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும், கட்டிவைத்த இருட்டு மனநிலை கலைந்துவிடும்.

பின்னணியில் கறுப்பிலிருந்து சாம்பலுக்குப் போகும் சாயல் இருந்தால் பட்டை பட்டையாகத் தெரியும். நிற அளவை 16 பிட்டில் வைத்து வேலை செய்து, மேலே மெல்லிய ஃபிலிம் கிரெயின் (பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) போடுங்கள்.

கேள்வி: தமிழ் டைட்டிலை எழுத்தெழுத்தாக அனிமேட் செய்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பறக்கிறது. என்ன செய்வது?

இதை நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். ‘கொ’ என்பது நமக்கு ஒரே எழுத்து. மென்பொருள் அதை மூன்று துண்டாகப் பார்க்கலாம்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் முதலில் அமைப்புகளுக்குள் போய் தெற்காசிய எழுத்துகளைக் கையாளும் டெக்ஸ்ட் எஞ்சின் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். கொம்பு இடம் மாறித் தெரியும் சிக்கல் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

அனிமேஷனுக்கு நம்பகமான வழி, டைட்டிலை இங்க்ஸ்கேப் அல்லது இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, எழுத்தை வடிவமாக மாற்றி, ‘கொ’வின் மூன்று துண்டுகளையும் ஒரே குழுவாகக் கட்டி, ஒவ்வொரு குழுவையும் ஒரு லேயராகக் கொண்டுவருவது. வேலை கூடுதல்தான். ஆனால் அதற்குப் பிறகு எதுவும் உடையாது.

பேய்ப்படத்துக்கே உரிய இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. எழுத்துகளுக்கு நடுவே அகலமாக இடைவெளி விடும் பாணியைத் தமிழில் அப்படியே போட்டால் ‘கெ’யின் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். இடைவெளியைக் குழுக்களுக்கு நடுவே மட்டும் கையால் விடுங்கள். அடுத்தது புள்ளி. விரிசல், தூசி, அரிப்பு என்று டெக்ஸ்சர் போடும்போது முதலில் அழிந்துபோவது புள்ளிதான். ‘ல்’ ‘ல’வாகிவிடும், நடிகர் பெயரே மாறிவிடும். பிறகு விழுந்த தூசி புள்ளிபோலத் தெரிந்து இல்லாத மெய்யெழுத்தை உண்டாக்குவதும் நடக்கும். புள்ளிகளுக்குத் தனி மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் பிரித்துக் காட்டும் மறைப்பு) வைத்து டெக்ஸ்சரை அங்கே குறையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு கார்டுக்கும் ‘டம்’ என்று ஒரு அடி போட்டால் போதுமா?

முதல் இரண்டுக்கு வேலை செய்யும். மூன்றாவதிலிருந்து பார்க்கிறவர் எண்ணத் தொடங்கிவிடுவார். அடியைச் சரியாகக் கார்டு வரும் ஃப்ரேமில் வைக்காமல் இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னால் வையுங்கள். சத்தத்துக்குத் துடித்த கண் உடனே எழுத்தைச் சந்திக்கும். ஒரு கார்டையாவது முழு நிசப்தத்தில் விடுங்கள். படத்தின் பெயருக்கு அதைச் செய்ய இயக்குநரைச் சம்மதிக்க வைத்துவிட்டால் உங்கள் டிரெய்லர் தனியாகத் தெரியும்.

பெயர்களே பயத்தை ஏற்ற முடியும் என்பதற்கு 1980இன் ‘தி ஷைனிங்’ டீசரைவிடச் சிறந்த பாடம் நான் பார்த்ததில்லை. ஒரே ஷாட். அசையாத கேமரா, மூடிய லிஃப்ட் கதவுகள். அதன்மேல் பெயர்கள் கீழிருந்து மேலாக நிதானமாக ஊர்ந்து போகின்றன. வேறு எதுவும் நடக்காது. பெயர்களைப் படித்துக்கொண்டே "ஏன் இன்னும் கதவைக் காட்டுகிறார்கள்" என்று நாம் தவிக்கத் தொடங்குகிறோம். பிறகுதான் ரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. பெயர்ப் பட்டியலை ஒரு கடமையாக முடித்துவிடாமல் காத்திருப்பாக மாற்றியிருக்கிறார்கள். கார்டு செய்யும் ஒவ்வொருவரும் அதைச் சத்தத்தோடு ஒரு முறை, சத்தமில்லாமல் ஒரு முறை பார்க்க வேண்டும்.

கேள்வி: எழுத்து மின்னி மின்னி வந்தால் நன்றாக இருக்குமே?

இருக்கும். ஆனால் திரை முழுவதும், அல்லது பெரும்பகுதி, ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் பார்ப்பார்கள். அடர்சிவப்பு மின்னல் இன்னும் ஆபத்து. சின்ன எழுத்தின் ஒளியளவை மட்டும் லேசாக நடுங்க விட்டாலே பழுதான குழல்விளக்கின் உணர்வு கிடைத்துவிடும். இதில் சமரசம் வேண்டாம்.

கேள்வி: தயாரிப்பாளர் எல்லாப் பெயரும் டிரெய்லரில் வர வேண்டும் என்கிறார். எங்கே வைப்பது?

எல்லாவற்றையும் தனிக் கார்டாக வைத்தால் டிரெய்லர் செத்துவிடும். முக்கியமான இரண்டு மூன்று பெயர்களை முதல் பாதியில், கதை இன்னும் அமைதியாக இருக்கும்போது வையுங்கள். பயம் ஏறத் தொடங்கிய பிறகு ஒரு பெயர் கார்டு வந்தால் "இது படம்தான்" என்று பார்க்கிறவருக்கு ஞாபகம் வந்துவிடும். மற்ற பெயர்களைக் கடைசியில், வெளியீட்டுத் தேதியோடு, நெருக்கிய ஒல்லி எழுத்தில் ஒரே தொகுதியாகப் போடுங்கள். போஸ்டரின் அடியில் பார்க்கும் அதே தொகுதிதான். அந்த எழுத்து ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தங்களில் பெயரின் அளவைப் படத்தின் பெயரின் அளவோடு ஒப்பிட்டு இத்தனை சதவீதம் என்று எழுதுவது வழக்கம். உயரத்தைக் காப்பாற்றி அகலத்தை மட்டும் குறைத்தால் எல்லாரும் உள்ளே அடங்குவார்கள். வரிசையை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், தயாரிப்புத் தரப்பிலிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: இலவச ஃபாண்ட் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படித்துவிட்டு. "சொந்த உபயோகத்துக்கு மட்டும்" என்றிருந்தால் டிரெய்லருக்கு ஆகாது.

கேள்வி: கையால் கிறுக்கிய மாதிரி நடுங்கும் எழுத்தை எஃபெக்டில் செய்தால் பொய்யாகத் தெரிகிறது அண்ணா. வேறு வழி?

கையாலேயே எழுதுங்கள். சொரசொரப்பான தாளில் மைக்குச்சியால் அதே பெயரை ஆறு ஏழு முறை எழுதி, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு அல்லது மூன்று ஃப்ரேம் காட்டுங்கள். இரண்டு என்றால் நொடிக்கு 12 மாற்றம், மூன்று என்றால் 8. எட்டு எனக்குப் பிடிக்கும், மூச்சுத் திணறுவதுபோல் இருக்கும். ஒரே வரிசையில் சுழல விடாதீர்கள், கலைத்துப் போடுங்கள். ஒரு பிரதியை மட்டும் இடது கையால் எழுதி, மொத்த நேரத்தில் ஒரே ஒரு முறை வர விடுங்கள். பார்க்கிறவர் அதைக் கவனித்ததாகச் சொல்ல மாட்டார், ஆனால் உடம்பு கவனித்திருக்கும்.

கேள்வி: செல்போனுக்கு நிமிர்ந்த வடிவமும் கேட்கிறார்கள். நடுப்பகுதியை வெட்டினால் போதாதா?

காட்சிகளுக்குப் போதலாம், கார்டுகளுக்குப் போதாது. 1080க்கு 1920இல் புதிதாக அமைத்து, வரிக்கு ஒரு சொல்லாக அடுக்குங்கள். அடியிலும் வலது ஓரத்திலும் செயலியின் பொத்தான்கள் மறைக்கும் என்பதால் எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள்.

கேள்வி: ஒப்படைக்கும் முன் என்னென்ன சரிபார்ப்பீர்கள்?

பெயர்களை முதலில். தயாரிப்புத் தரப்பு அனுப்பிய பட்டியலைப் பக்கத்தில் வைத்து, இறுதி வீடியோவை ஒவ்வொரு கார்டாக நிறுத்தி, இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். நம் கண் எழுதியதைப் படிக்காது, எழுத நினைத்ததைப் படிக்கும்.

பிறகு எழுத்தெல்லாம் திரையின் 90 சதவீதப் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். திரையரங்குக்கான 2கே ஸ்கோப் (அகலத்திரை) பிரதி 2048க்கு 858 பிக்சல். அதில் கார்டுகளைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்த செல்போனிலும் ஒரு முறை பார்ப்பேன். அங்கே படிக்க முடியாத எழுத்தை மாற்றிவிடுவேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கடைசியாக, எழுத்தே இல்லாத ஒரு பிரதியையும் ரெண்டர் செய்து கூடவே கொடுத்துவிடுங்கள். வேறு மொழியில் கார்டு போடவும், வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் மாற்றவும் அதைத்தான் கேட்பார்கள், பெரும்பாலும் நள்ளிரவில்.