வாசகர் கேள்வி பதில்: நம்பினது என்ரை பிழையோ அண்ணை?

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகர்): அண்ணை, 2024 நவம்பர்ல நான் ஜனாதிபதி அநுரவின்ரை திசைகாட்டிக்கு வோட் போட்டதோட நிக்கேல்ல, வீடு வீடா நோட்டீஸ் குடுத்தனான், அம்மாவையும் மாமியையும் மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய்ப் போட வைச்சனான். இப்ப பாத்தா எங்கடை காணிக்குள்ள ஒரு திணைக்களம் நட்ட எல்லைக்கல்லு நட்டபடி நிக்குது, ஆமிக்காம்ப் நிண்ட இடத்திலயே நிக்குது, பயங்கரவாதத் தடைச் சட்டமும் இருக்கு. தேத்தண்ணிக் கடைக்குப் போனா "என்ன தோழர், மாற்றம் வந்திட்டுதோ" எண்டு பகிடி. அம்மா ஒண்டும் சொல்லுறேல்ல, அதுதான் கூட நோகுது. அந்த மனிசனை நம்பினது என்ரை பிழையோ?

பதில்: தம்பி, பகிடி விடுற ஆக்களிட்ட ஒருக்கா கேட்டுப்பார், 2010 ஜனவரியில அவை ஆருக்குப் போட்டவை எண்டு. கதையை மாத்துவினம். ஏனெண்டா அந்த முறை வன்னியில கூட விழுந்தது சரத் பொன்சேகாவுக்கு, எங்களை முள்ளிவாய்க்கால் மட்டும் கலைச்ச ஆமியின்ரை தளபதிக்கு, அதுவும் எட்டு மாசம் கழியேக்கை, கனசனம் முகாம் கூடாரத்துக்குள்ள கிடக்கேக்கை. நானும் போட்டனான், ஒளிக்க என்ன இருக்கு. 2015ல மைத்திரிக்கு, 2019ல சஜித்துக்கு, மூண்டு முறையும் அன்னத்துக்கு நேரதான் புள்ளடி. ஆள் மாறினது, அன்னம் மாறேல்ல. அதெல்லாம் ஆரையும் கொண்டு வாறதுக்குப் போட்ட வோட் இல்லை, ராஜபக்சக்களைக் கலைக்கிறதுக்குப் போட்டது. அப்பிடிப் போட்டா பிறகு ஏமாறவும் இடமில்லை, நம்பினாத்தானே ஏமாற.

நீ போட்டது வேற மாதிரி. 2024 செப்டெம்பர்ல ஜனாதிபதித் தேர்தல் நடக்கேக்கை வன்னித் தேர்தல் மாவட்டத்தில சஜித்தான் முதலாவது, அநுர நல்லாப் பின்னுக்கு. ரெண்டு மாசம் போகேல்ல, நவம்பர்ல பாராளுமன்றத் தேர்தல்ல அவற்றை தேசிய மக்கள் சக்திக்கு கிட்டத்தட்ட 40,000 வாக்கு, 6ல 2 சீற், முதலாவது இடம். வெண்ட பக்கம் சாய்ஞ்ச சனம் எண்டு அப்ப நக்கலடிச்சவை, கொஞ்சம் உண்மைதான். ஆனா எங்கடை தமிழ்க் கட்சியள் உடைஞ்சு உடைஞ்சு ஆருக்கு ஆர் எதிர் எண்டே விளங்காம நிண்ட நேரம் அது, அரசியல்வாதியள் சாராயக் கடைக்குப் பெர்மிட் எடுத்த கதையும் அப்பதான் நாறினது. சனத்துக்குச் சலிச்சுப் போச்சு. உன்னைப் போல பெடியள் முதல் தரமா ஆரையும் கலைக்க எண்டு இல்லாம, இவர் செய்வார் எண்டு நினைச்சுப் போட்டவை. அதைப் பிழை எண்டு நான் சொல்லமாட்டன்.

ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. அவர் சொன்னது எவ்வளவு, நீயா நினைச்சது எவ்வளவு? களவை நிப்பாட்டுறன், கள்ளரைப் பிடிக்கிறன், இதுதான் அவற்றை முதற் கதை, தெற்கிலயும் அதுக்குத்தான் விழுந்தது. வடக்குக் கிழக்கு இணைப்பை வழக்குப் போட்டுப் பிரிச்சது (2006ல உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது) அவற்றை கட்சி ஜேவிபி, சுனாமி நிவாரணத்துக்குப் புலியளோட பொதுக் கட்டமைப்பு வேண்டாம் எண்டு 2005ல அரசாங்கத்தை விட்டு வெளியில போனதும் அதே கட்சி. அந்த ஆள் வந்து சமஷ்டி தருவார், யுத்தக் குற்றத்துக்கு நீதிமன்றம் வைப்பார் எண்டு நீ வீடு வீடாச் சொல்லியிருந்தா அது உன்ரை கற்பனை, அவற்றை வாக்குறுதி இல்லை. அதுக்கு அவரைப் பேசேலாது.

அவர் வாயால சொன்னது, விஞ்ஞாபனத்தில அடிச்சது, அதுதான் கடன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுக்கிறம் எண்டு எழுத்தில இருக்கு. 1979ல தற்காலிகம் எண்டு கொண்டுவந்த சட்டம், இப்ப அதுக்கு 45 வயசுக்கு மேல, பேரப்பிள்ளை கண்டிருக்கும். பழசை எடுக்காமலே புதுசா ஒரு பயங்கரவாதச் சட்ட வரைவைக் கொண்டு வந்து காட்டுகினம். ஒரு வருசத்துக்குள்ள மாகாணசபைத் தேர்தல் எண்டதும் அதே விஞ்ஞாபனம்தான், வடக்கில கடைசியா நடந்தது 2013ல, 2018ல இருந்து ஆளுநர் ஆட்சிதான். மக்கள் காணி மக்களுக்கு எண்டு யாழ்ப்பாணத்து மேடையில சொன்னவர். இந்தக் கணக்கில நீ அவரை விடத் தேவையில்லை, கடைக்காரர் கொப்பியில எழுதி வைக்கிற மாதிரி எழுதி வை.

எனக்கு எப்ப விட்டுப்போனது எண்டு சொல்லட்டோ? 2025 மார்ச் 28 வர்த்தமானி. வடக்கில 5,940 ஏக்கர் காணி, மூண்டு மாசத்துக்குள்ள உரிமை காட்டாட்டி அரசாங்கக் காணி. நாங்கள் உறுதியை எங்கை வைச்சிருக்கிறம்? என்ரை அப்பாவின்ரை உறுதி ஒரு சொப்பிங் பையில கிடந்து, பை 2009 சண்டையில மாத்தளனோட போச்சு. வெளிநாட்டில இருக்கிற சனம் மூண்டு மாசத்தில எப்பிடி வந்து நிக்கிறது? சரி, பேந்து சனம் கத்தி, வழக்கும் போட்டு, உயர் நீதிமன்றம் தடை குடுத்து, அரசாங்கம் திரும்ப எடுத்தது. எடுத்தது நல்லம். ஆனா இதை எழுதேக்கை அந்த மேசையில இருந்த ஒருத்தருக்கும் வன்னிச் சனத்திட்ட உறுதி இருக்காது எண்டு ஏன் தெரியேல்ல? கெட்ட எண்ணமோ இல்லாட்டி எங்களை யோசிச்சே பாக்கேல்லையோ, ரெண்டாவதுதான் எண்டு நினைக்கிறன், அதுதான் எனக்குக் கூட எரிஞ்சது. மன்னார்லயும் பார், கரண்ட் எடுக்கிற காத்தாடி வேண்டாம் எண்டு சனம் ரோட்டில இருக்க ஒரு மாசம் நிப்பாட்டினவை, அடுத்த மாசம் திரும்பத் தொடங்கச் சொல்லியாச்சு.

அம்மா ஒண்டும் சொல்லேல்ல எண்டியே. அவ இதெல்லாம் கனதரம் பாத்திட்டா தம்பி. நீதான் புதுசு.

கேள்வி (முள்ளியவளை வாசகி): எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறியள், வட்டுவாகல் பாலம் ஆர் தொடங்கினது?

பதில்: அவர்தான் தங்கச்சி. 2025 செப்டெம்பர் 2ம் திகதி அநுர வந்து வேலையைத் தொடக்கி வைச்சார், அண்டைக்கே புதுக்குடியிருப்பில தென்னை முக்கோணம் எண்ட தென்னைச் செய்கைத் திட்டமும். செய்ததைச் செய்தது எண்டு சொல்லத்தான் வேணும், மாரியில தண்ணி ஏறினா அந்தப் பாலத்தால பள்ளிக்கூடப் பிள்ளையள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனா அந்தப் பாலத்தைப் பற்றி எழுதேக்கை எனக்குக் கை நிக்குது. 2009 மே மாசம் நாங்கள் அதாலதான் நடந்து வந்தனாங்கள். அதைத் தாண்டி ஆமியிட்டக் கையில குடுத்த பிள்ளை எங்கை எண்டு கேட்டுத்தான் 2017 பெப்ரவரி 20ல இருந்து கிளிநொச்சியில தாய்மார் இருக்கினம், அந்தக் கேள்விக்கு இவரிட்டயும் மறுமொழி இல்லை. கேட்ட தாய்மார்ல கனபேர் இப்ப உயிரோட இல்லை. புதுப் பாலம் அகலமா வரட்டும், நானும் அதாலதான் போவன்.

கேள்வி (நெடுங்கேணி வாசகர்): மைத்திரியோ அநுரவோ, ஆர் கூட ஏமாத்தினது?

பதில்: மைத்திரிதான், சந்தேகமே இல்லை. நூறு நாளில எல்லாம் எண்டவர். 2015 ஒக்டோபர்ல யுத்தக் குற்றம் பற்றின ஜெனீவாத் தீர்மானத்துக்கு அவற்றை அரசாங்கமே சேர்ந்து கையெழுத்து வைச்சது. 2017 ஜூன்ல காணாமல் போனவையின்ரை தாய்மாரைச் சந்திச்சு, சரணடைஞ்சவையின்ரை பட்டியலை வெளியிட வைக்கிறன் எண்டார், வரேல்ல. கடைசியா 2018 ஒக்டோபர் 26, ஆரைக் கலைக்க எண்டு அவருக்குப் போட்டமோ அந்த மகிந்தவையே கூப்பிட்டுப் பிரதமராக்கினார் பாருங்கோ. அநுர இன்னும் அந்தளவுக்குப் போகேல்ல.

ஆனா மைத்திரி காலத்தில வந்த ஒரு சாமான் மட்டும் இண்டைக்கும் எங்கடை கையில இருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ம் ஆண்டு 12ம் இலக்கம். ஆரும் பாவிக்கிறேல்ல.

கேள்வி (அதே ஒட்டுசுட்டான் வாசகர், ரெண்டாவது கடிதம்): அப்ப இப்ப நான் என்ன செய்யிறது? அடுத்த தேர்தல் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ?

பதில்: கல்லைப் பற்றிக் கேள். மேல சொன்ன தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ, கல்லு நட்ட திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் தமிழ்லயே எழுது, ஏன் கேக்கிறாய் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. எந்த வர்த்தமானிப்படி நட்டது, எந்தத் திகதி, அளந்த வரைபடத்தின்ரை பிரதி, எங்கடை காணிப் பெர்மிட் இலக்கத்துக்குள்ள எவ்வளவு ஏக்கர் போகுது, இவ்வளவும் கேட்டாக் காணும். மாற்றம், நீதி எண்டெல்லாம் அதுக்குள்ள எழுதாத, அதுக்கு அவையிட்ட மறுமொழி இல்லை. தகவல் அலுவலரின்ரை கையில குடுத்து, கிடைச்சது எண்டு எழுத்தில வாங்கு. 14 வேலை நாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு சொல்லவேணும். இல்லை எண்டா அங்கையே மேன்முறையீடு, அதுக்கும் அசையாட்டி கொழும்பில தகவல் உரிமை ஆணைக்குழு இருக்கு. பெர்மிட்டின்ரை மூலப் பிரதியை மட்டும் ஆரிட்டயும் குடுத்திடாத, போட்டோக்கொப்பி போதும்.

மறுமொழி வந்தா எனக்கும் ஒரு கொப்பி அனுப்பு, அடுத்த இதழ்ல போடுவம். வராட்டி எத்தினை நாள் வரேல்ல எண்டு எழுதி அனுப்பு, அதையும் போடுவம்.