அக்கா, நீங்க போயிடுவீங்க

அன்புள்ள ஐயா,

நான் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். முதலாண்டிலிருந்தே மாணவர் சங்கத்தில் இருக்கிறேன். எங்கள் மாணவியர் விடுதியின் கேட்டை இரவு எட்டரைக்குப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் விடுதிக்குப் பத்தரை. நூலகமும் ஆய்வகமும் பத்து மணி வரை திறந்திருக்கும், ஆனால் நாங்கள் எட்டு மணிக்கே மூட்டையைக் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருடம் கையெழுத்து வாங்கி, மனு கொடுத்து, ஒருமுறை கேட்டுக்கு வெளியே விடிய விடிய உட்கார்ந்து, போன பருவத்தில் ஒரு மணி நேரம் நீட்டிப்பு வாங்கினோம். 'பரிசோதனை முறையில்' என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது சங்கத் தேர்தல் வருகிறது. தலைவர் பதவிக்கு நான் நிற்க வேண்டும் என்கிறார்கள். என் ப்ராஜெக்ட் பாதிகூட முடியவில்லை. கைடு, "இன்னும் ஆறு மாசத்துல போகப்போற, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்கிறார். அறைத்தோழி வேலை நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கிறது போல. போன வாரக் கூட்டத்தில் ஒரு இரண்டாமாண்டுப் பெண் எழுந்து, "அக்கா, நீங்க போயிடுவீங்க, அப்புறம் நாங்கதானே மாட்டுவோம்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நின்றாலும் ஏமாற்றுவது போல இருக்கிறது, ஒதுங்கினாலும் அப்படித்தான் இருக்கிறது. கேட் பூட்டுகிற நேரத்துக்கெல்லாம் அரசியலா என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

க.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள க.,

தேர்தலில் நிற்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான்கு பத்தி தாண்டி இதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒதுங்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு மாலையும் கிடையாது, போஸ்டரும் கிடையாது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அந்த இரண்டாமாண்டுப் பெண்தான். நீங்கள் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் கேட்டைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அவள் காலண்டரைப் பற்றிப் பேசினாள்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் இருபது, முப்பது வருடம் அங்கேயே இருப்பவர்கள். நீங்கள் மூன்று, நான்கு வருட விருந்தாளி. அவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். அதற்குச் சம்பளமும் உண்டு. 'குழு போட்டிருக்கிறோம்', 'தேர்வு முடியட்டும்', 'லீவுக்கு அப்புறம் பேசலாம்', 'புதிய வார்டன் வந்து முடிவு செய்வார்'. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். நான்கையும் கூட்டிப் பாருங்கள், ஒரு செட் மாணவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். உங்கள் சுற்றறிக்கையில் இருக்கும் 'பரிசோதனை முறையில்' என்ற இரண்டு வார்த்தையை அந்தப் பெண் உங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறாள். அந்தப் பரிசோதனை எப்போது முடியும் என்கிறீர்கள்? அன்று ராத்திரி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கடைசி ஆளும் போன பிறகு.

என் கதையைச் சொல்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லாத கதை. இறுதியாண்டில் நான் சங்கச் செயலாளர். தேர்வுக் காலத்தில் நூலகத்தை ராத்திரி பதினொன்று வரை திறந்து வைக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. ஒன்பது நாள் வகுப்புக்குப் போகவில்லை. கடைசியில் எழுத்தில் வாங்கினோம். தட்டச்சு செய்த முக்கால் பக்கம், கீழே நீல மையில் கையெழுத்து, முத்திரை. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வளாகம் முழுக்கச் சுற்றினேன். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியதில் மடிப்பு சரியாகக் கையெழுத்தின் குறுக்கே விழுந்து, மை லேசாக உதிர ஆரம்பித்திருந்தது. படிப்பு முடிந்ததும் அதை டிரங்குப் பெட்டியில் ஹால் டிக்கெட்டுகளோடு போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பதக்கம் போல.

இரண்டு வருடம் கழித்து ஒரு தபால். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பையன் எழுதியிருந்தான். நூலகத்தை மறுபடி எட்டு மணிக்கு மூடுகிறார்கள், போய்க் கேட்டால் 'அப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது' என்கிறார்கள், 'அண்ணா, உங்ககிட்ட அந்தப் பேப்பர் இருக்குன்னு சொல்றாங்க, உண்மையா?' என்று கேட்டிருந்தான். பெட்டியைத் திறந்து எடுத்தேன். நகல் எடுத்து அனுப்புவதற்குள் அவர்களுக்குத் தேர்வே முடிந்துவிட்டது. அடுத்த வருடம் காட்டினார்களாம். கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார், அது அவருடைய வாக்குறுதி, அலுவலகத்தினுடையது இல்லை என்று பதில் வந்ததாம். ஆக, நாங்கள் ஒன்பது நாளில் வாங்கியதை அவர்கள் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. அந்த அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிட அந்தப் பெட்டியின் மேல்தான் அதிகம்.

மாணவர் அரசியல் என்றதும் நம்மில் பலர் நேராக 1965-க்குப் போய்விடுவோம். அதை நூறு மேடையில் கேட்டிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். வேறொன்று. 1960 பிப்ரவரி 1, அமெரிக்காவின் வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர். கறுப்பின மாணவர்கள் நான்கு பேர், நால்வரும் முதலாண்டு, விடுதி அறையில் ராத்திரி ராத்திரியாகப் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்து, வெள்ளையர் மட்டுமே உட்காரலாம் என்றிருந்த ஒரு கடையின் உணவு மேடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இருபது பேருக்கு மேல். அந்த வாரத்துக்குள் நூற்றுக்கணக்கில். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அந்த நான்கு பேருக்குச் சிலையும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. கோடை விடுமுறை வந்தது. கல்லூரி மாணவர்கள் ஊருக்குப் போனார்கள். எதிராளி இதற்காகத்தானே காத்திருப்பான்? ஆனால் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். டட்லி பள்ளி மாணவர்கள். ஜூலை 25 அன்று அந்தக் கடை இறங்கி வந்தது. பிப்ரவரியில் ஆரம்பித்தவர்களைப் பற்றிப் படித்து மயிர்க்கூச்செறிந்தவன்தான் நானும். இப்போது வயதான பிறகு ஜூன் மாதத்தைத்தான் யோசிக்கிறேன். யார் யாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்? என்ன சொல்லியிருப்பார்கள்? எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், மேலே ஏதாவது கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாமா?

அதே வருடம் ஏப்ரலில் இப்படி ஊர் ஊராக உட்கார்ந்த மாணவர்களை எல்லாம் ராலே நகரில் ஷா பல்கலைக்கழகத்தில் கூட்டியவர் எலா பேக்கர் என்ற பெண்மணி. அவரும் அங்கேதான் படித்தவர். அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அழைத்தவர் அவர்; நினைத்திருந்தால் தலைமையில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பெரியவர்களின் அமைப்பு எதற்கும் இளைஞர் அணியாகிவிடாதீர்கள், உங்கள் முடிவை நீங்களே எடுங்கள் என்று அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்றார். அங்கே பிறந்த மாணவர் அமைப்பு அடுத்த சில வருடங்களில் தென் மாநிலங்களில் என்ன செய்தது என்பது தனிக் கதை.

வீட்டில் கேட்ட கேள்விக்கும் இங்கேயே ஒரு வரி. பிரான்ஸில் 1968 மே மாதக் கலவரங்களுக்கு முன்னால் நான்தேர் வளாகத்தில் நடந்த சண்டைகளில் ஒன்று, மாணவியர் விடுதிக்குள் பையன்கள் போகலாமா கூடாதா என்பதுதான். அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் 1918-ல் மாணவர்கள் எழுந்து பல்கலைக்கழக நிர்வாகத்திலேயே தங்களுக்கு இடம் வாங்கினார்கள். அதற்குத் தீப்பொறிகளில் ஒன்று, மருத்துவ மாணவர்கள் தங்கிப் படித்த மருத்துவமனை விடுதியை மூடியது. கேட், கட்டில், விளக்கு. வளாக அரசியல் எங்கேயும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், ஜெயிக்க முடியாது. ப்ராஜெக்ட் எத்தனை அத்தியாயம் முடிந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு கோப்பு. வாட்ஸப் குழுவில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, முந்நூறு பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் இருக்கிறது. அட்மின் போனை மாற்றினால் அதுவும் போயிற்று. தேதி வாரியாக எழுதுங்கள். எந்த மனு யாரிடம் போனது, அவர் அதை யாருக்கு அனுப்பினார், எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது. பேச்சுவார்த்தை நடந்த அன்றைக்கே பேசியதை எழுதி இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்ததா? இல்லாவிட்டால் அதையும் 'செய்யத் தவறியது' என்று எழுதுங்கள். பணம் வசூலித்திருந்தால் கணக்கு. ஒரு சங்கம் கொள்கைச் சண்டையில் உடைந்து நான் பார்த்ததைவிட, நோட்டீஸ் அடித்த காசுக்குக் கணக்கு இல்லாமல் உடைந்து பார்த்ததுதான் அதிகம்.

தோற்றதை மறைக்காமல் எழுதுங்கள். விடிய விடிய உட்கார்ந்த ராத்திரியில் எத்தனை மணிக்கு யார் எழுந்து உள்ளே போனார்கள், ஏன் போனார்கள். பெயர் வேண்டாம், காரணம் போதும். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டியிருப்பார்கள், அதற்குத்தான் பாதிப் பேர் பயந்திருப்பார்கள். அது முன்னாலேயே தெரிந்தால், அடுத்த தடவை உட்காருவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் தாங்களே சொல்லிவிடலாம். வென்ற கதையில் இதெல்லாம் இருக்காது.

அப்புறம், அந்த இரண்டாமாண்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வார்டனைப் பாருங்கள். அவள் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். இது சுலபம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவள் தப்பான தேதியைச் சொல்வாள், கேட்கக் கூடாத இடத்தில் கெஞ்சுவாள், விட்டுக் கொடுக்கவே கூடாத ஒன்றைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள். உங்கள் நாக்கு துடிக்கும். வார்டனும் அவளை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார், பழக்கதோஷம். அப்போது நீங்கள் அவளைப் பாருங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அவரும் அவளைப் பார்க்கத் தொடங்குவார்.

நீங்கள் தலைவராக நின்றால் இது நடக்காது. ஜெயித்துவிடுவீர்கள், சந்தேகமே இல்லை, எல்லாருக்கும் உங்களைத் தெரியும். மார்ச் மாதம் வரை எல்லாவற்றையும் உங்களிடமே கேட்பார்கள். ஏப்ரலில் நீங்கள் நோ டியூஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு நூலகம், ஆய்வகம், விடுதி என்று கையெழுத்துக்காக ஓடிக்கொண்டிருப்பீர்கள். அதே நேரத்தில் 'பரிசோதனை நிறைவு பெற்றது' என்று ஒரு சுற்றறிக்கை வரும். ஸ்டடி லீவில்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைடைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்மேல் கோபம் வேண்டாம். அவர் சொன்னதில் 'உனக்கு எதுக்கு' என்பது தப்பு, 'ஆறு மாசம்' என்பது சரி. ஒன்பது நாள் வகுப்புக்குப் போகாத நான் அந்த வருடம் இரண்டு பேப்பரில் அரியர் வைத்தேன். என்னோடு கோஷம் போட்டவர்கள் யாரும் வந்து எனக்காக எழுதிக் கொடுக்கவில்லை, அவரவர் பேப்பரே அவரவருக்குப் பெரும்பாடு. போராடியதால்தான் தோற்றேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் போராட்டம் முடிந்த பிறகும் இரண்டு மாதம் படிக்காமல் செயலாளராகவே வலம் வந்துகொண்டிருந்தேன், அதுதான் நடந்தது. காலையில் ப்ராஜெக்ட், சாயங்காலம் ஒரு மணி நேரம் கோப்பு. இதைக் கைடிடம் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

அறைத்தோழி உங்களைப் பாவமாகப் பார்க்கிறாள் என்றீர்கள். இறுதியாண்டில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்கள். வேலை கிடைத்தவள் பகலில் தூங்குவாள், கிடைக்காதவள் ராத்திரியில் தூங்க மாட்டாள், ஒரே அறையில் இரண்டு கடிகாரம் ஓடும். அன்று ராத்திரி கேட்டுக்கு வெளியே அவளும் இருந்தாளா? நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், கோப்பில் அந்த ராத்திரியை அவளையே எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு நினைவில்லாதது அவளுக்கு இருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்தச் சுற்றறிக்கையில் 'பரிசோதனை முறையில்' என்பதற்குப் பக்கத்தில் எந்தத் தேதி வரை என்று போட்டிருக்கிறதா? மூலப்பிரதி இப்போது யாரிடம் இருக்கிறது? உங்கள் அலமாரியில் இருந்தால், இந்த வாரமே அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.